கொள்ளும் கடிவாளமும்

"கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று நம் வீட்டு முதியோர் ஒரு பழமொழி சொல்வதுண்டு. உண்ணும்போது முன்நின்று, உழைக்கும்போது பின்நிற்கும் மனிதனை இடித்துரைக்க அது பயன்பட்டது. ஆயினும் குதிரையோடு நாள்தோறும் பழகியவன் ஒருவனே அதனை முதலில் சொல்லியிருக்க வேண்டும். கொள்ளைக் கண்டால் குதிரை எவ்வாறு உதட்டை நீட்டும், இரும்பைக் கண்டால் எவ்வாறு பல்லை இறுக்கும் என்பதை இலாயத்தில் நின்றவனே அறிவான். அந்த இலாயத்து மனிதனையும், அவன் காத்த குதிரையின் வயிற்றையும் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்ற ஊர் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அந்தக் கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. பின்னர், 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபொழுது அதன் பகுதியாயிற்று. பிழைப்பைத் தேடி நம்மில் பலர் வேற்று மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்தோம். கௌதள்ளியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களோ திண்ணையை விட்டு இறங்காமலே வேற்று மாநிலத்தவராயின. என் குடும்பம் அவற்றுள் ஒன்று.

என் பாட்டனார் ஹனூருக்கும் கௌதள்ளிக்கும் இடையே ஜட்கா வண்டி ஓட்டியவர். அவரிடம் செம்மண் நிறத்தில் ஒரு மட்டக்குதிரை இருந்தது. ஒரு நாள் இரவு அது கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், அறையில் இருந்த கொள்ளு மூட்டையைக் கிழித்து, ஊறவைக்காத பச்சைக் கொள்ளை வயிறு கொண்ட மட்டும் தின்றுவிட்டது. பின்னர் தொட்டித் தண்ணீரையும் குடித்தது. விடியற்காலையில் அது தரையில் உருண்டது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, உடம்பெல்லாம் வியர்த்தது. பாட்டனார் தமக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்தார். மெல்ல நடத்தியும் பார்த்தார். நண்பகலுக்குள் அது இறந்தது. "நாயாக இருந்தால் கக்கிப் பிழைத்திருக்கும். குதிரைக்கு ஆண்டவன் அந்த வழியை வைக்கவில்லை" என்று அவர் தம் முதுமையிலும் சொல்லி வருந்துவார். கொள்ளு அறையின் கதவைத் தாழிட மறந்தவர் தாமே என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

பாட்டனார் சொன்னது உண்மை. குதிரையின் உணவுக்குழலும் இரைப்பையும் கூடுமிடத்தில் உள்ள தசை மிக வலியது. உள்ளே செல்வதை விடும். மீண்டு வருவதை விடாது. ஆகையால் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உப்பிய தானியமும் அது புளித்து எழுப்பும் காற்றும் இரைப்பையை விரிக்கும்; அளவு கடந்தால் இரைப்பை கிழிந்துவிடும். அதன் பிறகு எந்த மருத்துவராலும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

உடலின் பருமனை நோக்க, குதிரையின் இரைப்பை சிறியது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கும் அது 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். அதனை அடுத்து 20 மீட்டருக்கும் மேல் நீண்ட சிறுகுடல். அதன் பிறகு பெருங்குடற்பை, பெருங்குடல் என்னும் அகன்ற அறைகள். பெருங்குடற்பை ஒன்றே ஏறக்குறைய 30 லிட்டர் கொள்வது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்ந்து புல்லின் நாரை நொதிக்கச் செய்து குதிரைக்கு வலிமையாக மாற்றித் தருகின்றன. மாட்டுக்கு இந்த நொதிப்பு முன் வயிற்றில் நிகழ்கிறது. குதிரைக்கோ பின் குடலில் நிகழ்கிறது. ஆதலால் மாட்டைப் போலக் குதிரை அசை போடுவதில்லை. விட்டால் நாளில் பதினான்கு, பதினாறு மணி நேரம் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கும்.

இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் இடைவிடாது சுரக்கிறது. அதனைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. ஒரு கிலோ உலர்ந்த புல்லைத் தின்னக் குதிரை 3,000 முறைக்கு மேல் மெல்ல வேண்டியிருக்கும். ஒரு கிலோ தானியத்தை 1,000 முறை மென்று முடித்துவிடும். தானியம் மிகுந்து புல் குறைந்தால் உமிழ்நீர் குறையும், அமிலம் ஓங்கும். குதிரை நோய்களின் சரித்திரத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

தமிழகத்துக்குக் குதிரை கடல்வழியே வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களைப் பேசும் பட்டினப்பாலை, கடலில் வந்த குதிரைகளையும் கூறுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் குறிக்கின்றன. பாண்டியன் கொடுத்த பொருளோடு குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர் திருப்பெருந்துறையில் இறைவன்பால் ஆட்பட்டதும், நரிகள் பரிகளானதும் நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்ட கதை. அரசாங்கக் கருவூலத்தின் பெரும்பொருள் குதிரை வாணிகத்தில் சென்றது என்ற உலகியல் உண்மையும் அந்தப் பக்திக் கதைக்குள் பொதிந்திருக்கிறது.

அப்படிப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் எவ்வாறு வாழ்ந்தன? 1290-களில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இதற்கு வருந்தத்தக்க விடை தருகிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களின் வணிகர் காயல் துறைக்குக் குதிரை கொண்டுவந்தனர். அரசன் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். அவன் உடன்பிறந்தோரும் அவ்வாறே வாங்கினர். ஆண்டு முடிவதற்குள் அவற்றில் 100 கூட உயிரோடு எஞ்சா என்று அவர் எழுதுகிறார். குதிரையைப் பேணும் முறை அறிந்தவர் அங்கே இல்லை. குதிரை மருத்துவம் தெரிந்தவர்களை அந்நாட்டுக்குச் செல்லவிடாமல் வணிகர்கள் தடுத்தனர். குதிரைகளுக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சியை இட்டனர் என்பன அவர் கூறும் காரணங்கள்.

சில ஆண்டுகள் கழித்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதே செய்தியை வேறு கோணத்தில் எழுதினார். கிஷ் தீவின் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் அந்த விலை கொடுக்கப்பட்டது. வந்திறங்கிய குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையையும், வெண்ணெய் கலந்த தானியத்தையும் கொடுத்துக் காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கச் செய்ததைக் கண்டு அவர் வியக்கிறார். முளைகளில் கட்டிவைத்து நாற்பது நாட்கள் கொழுக்கச் செய்தபின், பழக்கம் ஏதுமின்றி ஏறி ஓட்டினார்கள் என்றும் சொல்கிறார்.

இவ்விரு செய்திகளையும் படிக்கும் தமிழர் நாணித் தலை குனிவர். அல்லது அயலார் இட்டுக்கட்டியது என்று சினந்து விடுவர். இரண்டும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. சோறும் இறைச்சியும் பாலும் வெண்ணெயும் அறியாமையினால் மட்டும் தொட்டியில் இடப்பட்டவையல்ல. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் சிறந்த குதிரைக்குரிய அன்றாடப் படியை வகுக்கும் இடத்தில் தானியத்தோடு எண்ணெய், உப்பு, இறைச்சி, தயிர், வெல்லச் சர்க்கரை, மது அல்லது பால் ஆகிய யாவற்றையும் அளவிட்டுக் கூறுகிறது. அரசகுலத்துக் குதிரைக்கு அரசகுலத்து உணவு என்பது நெடுங்கால வழக்கு. பாண்டியனின் இலாயத்தார் அந்த மரபையே பின்பற்றினர் என்று கொள்வது பொருந்தும். தமக்கு எது உயர்ந்ததோ அதனையே விருந்தாளிக்கும் படைப்பது நம் இயல்பு. பொன்விலை கொடுத்து வாங்கிய குதிரைக்கும் அதனையே படைத்தார்கள்.

எனினும் அன்பு உணவாகும்போது அதனை ஏற்பது வயிறு. அரேபியப் பாலையிலும் பாரசீகத்திலும் வாற்கோதுமையும் உலர்ந்த புல்லும் தின்று வளர்ந்த குதிரையின் பெருங்குடலில் அந்த உணவுக்கு ஏற்ற நுண்ணுயிர்களே குடியிருக்கும். உணவை மாற்றினால் அவையும் மாற வேண்டும். அதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும் என்று இக்காலக் கால்நடை மருத்துவம் வரையறுக்கிறது. கப்பலில் வாடி இறங்கிய குதிரைக்கு மறுநாளே சோறு மலையாகக் குவிக்கப்பட்டால் என்ன நிகழும்? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாப்பொருள் என்பதே ஒரு வேளை உணவில் இன்று சொல்லப்படும் காப்பான எல்லை. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அந்த எல்லை ஏறக்குறைய 650 கிராம் அரிசியிலேயே வந்துவிடும். அதற்கு மேற்பட்டது செரியாமல் பின்குடலை அடைந்தால் அங்கே புளித்து அமிலமாகும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அந்த நஞ்சு குருதியில் கலந்து குளம்பின் உட்சதையை அழற்றும். வயிற்றில் பிறந்த நோய் காலில் வெளிப்படும். நாற்பது நாள் அசையாமல் நின்று கொழுத்த குதிரையின் மேல் பிறகு வீரன் ஏறினால் அது எவ்வளவு தூரம் செல்லும்?

உணவு ஒன்றே அத்தனை சாவுக்கும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நீண்ட கடற்பயணம், கடும் வெப்பம், லாடமும் மருத்துவமும் இன்மை ஆகியவையும் சேர்ந்தே அழித்தன. மருத்துவர்களை வரவிடாத வணிகரின் தந்திரமும் கவனிக்கத்தக்கது. இறந்தால்தானே மறு ஆண்டு மீண்டும் விற்கலாம்! விஜயநகரத்திலும் இந்த வாணிகம் தொடர்ந்தது. சாளுவ நரசிம்மர், உயிரோடு வந்தாலும் இறந்து போனாலும் மூன்று குதிரைக்கு 1,000 பர்தாவோ என்று விலை கொடுத்தார். கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலைக் காட்டினால் போதும் என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதியுள்ளார். ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கப்பட்டன என்றும் அவர் கணக்கிடுகிறார்.

அர்த்தசாஸ்திரத்தில் படி அட்டவணையைவிட உயர்ந்த செய்திகளும் உண்டு. பருவத்துக்கு ஏற்பக் குதிரையின் உணவை மருத்துவர் மாற்ற வேண்டும் என்பது ஒன்று. புல் இடுபவன், உணவு சமைப்பவன் முதலிய பணியாளர் கடமை தவறினால் அன்றைய கூலியை இழப்பர் என்பது மற்றொன்று. அரசன், படைத்தலைவன், வீரன் ஆகியோருக்குப் பின்னே, புல்லும் தானியமும் சுமந்த இந்த மனிதர்களைச் சாத்திரமும் மறக்கவில்லை. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் நகுலர் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தை 1952-ல் அச்சிட்டு வெளியிட்டது. அந்த மரபு தமிழ் மண்ணில் பேணப்பட்டதற்கு அது சான்று.

இனி கௌதள்ளிப் பக்கம் திரும்புவோம். மைசூர் மேட்டு நிலத்திலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் பழைய வழிகளுள் ஒன்று காவேரிபுரம் கணவாய். அந்த வழி கொள்ளேகாலத்தையும் இந்த மலைக்காட்டு ஊர்களையும் கடந்து, இன்றைய மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்கரையில் உள்ள காவேரிபுரத்தில் இறங்கியது. முதல் மைசூர்ப் போரின்போது 1768-ல் ஆங்கிலப் படை காவேரிபுரத்துக் கோட்டையைப் பிடித்தது. ஹைதர் அலி பின்னர் அதனை மீட்டார். 1800-ல் மைசூர் நாட்டை ஆராய வந்த பிரான்சிஸ் புக்கானனும் இந்தக் கணவாய் வழியாகவே கோயம்புத்தூர்ச் சீமைக்கு இறங்கினார்.

ஹைதரின் வலிமை அவருடைய குதிரைப்படை. பின்னர்த் திப்பு சுல்தான் காலத்தில் தும்கூர்ப் பகுதியில் உள்ள குனிகல் குதிரைப் பண்ணை படைக்குக் குதிரை வளர்த்தது. பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளுக்கும் அது பெயர்பெற்றது. குதிரைப்படையைக் கொண்டு பகைவனை வெல்வது ஒரு முறை. பகைவனின் குதிரை தின்னும் புல்லை எரித்து வெல்வது மற்றொரு முறை. திப்பு இரண்டாவதையும் நன்கு அறிந்தவர்.

1791-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த காரன்வாலிஸ் பிரபு, மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டார். அவர் செல்லும் வழியெங்கும் திப்புவின் வீரர்கள் புல்லையும் தானியத்தையும் அழித்திருந்தனர். மே 15-ஆம் நாள் அரகெரெயில் நடந்த போரில் ஆங்கிலேயர் வென்றனர். ஆனால் வென்ற படையின் குதிரைகளும் எருதுகளும் பட்டினியாலும் நோயாலும் மழையாலும் மடிந்துகொண்டிருந்தன. பீரங்கிகளை இழுக்க மாடில்லை. குதிரைவீரர் தம் குதிரைகளை நடத்திக்கொண்டு செல்லும் நிலை. கோட்டை கண்ணுக்கு எதிரே இருக்க, கண்ணம்பாடியில் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுக் காரன்வாலிஸ் திரும்பினார். மறுமுறை அவர் வந்தபொழுது லம்பாடி வணிகர்களின் எருதுக் கூட்டங்கள் தானியத்தைச் சுமந்து முன்னும் பின்னும் சென்றன. 1792 மார்ச்சில் திப்பு உடன்படிக்கைக்கு இசைந்தார். நம் பாடப் புத்தகங்கள் தளபதிகளின் பெயரைச் சொல்கின்றன. முதற் படையெடுப்பின் முடிவைக் குதிரை எருதுகளின் வெறும் வயிறே எழுதியது.

இந்த அனுபவங்களிலிருந்து தென்னாட்டு இலாயங்களில் ஒரு நடைமுறை நிலைபெற்றது. சென்னைக் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரனும், புல் கொண்டுவர ஒரு புல்லறுப்போரும் இருந்தனர். பல இடங்களில் குதிரைக்காரன் மனைவியே அந்தப் புல் வேலையைச் செய்தாள். அவர்கள் தேடியது அறுகம்புல். கோடையில் மேற்புல் காய்ந்துவிட்டால் சிறு மண்வெட்டியால் வேரோடு செதுக்கி, மண் போக அடித்தும் அலசியும் கட்டாக்கிச் சுமந்து வருவார்கள். மண் போக்குவது அழகுக்காக அன்று. புல்லோடு மணல் உள்ளே சென்றால் பெருங்குடலின் அடியில் ஈயம் போலப் படிந்து சூலை உண்டாக்கும். எழுத்தறியாத அந்தப் பெண் இதனை அறிந்திருந்தாள்.

தானியம் கொள்ளு. கன்னடத்தார் அதனை ஹுருளி என்பர். தெலுங்கர் உலவலு என்பர். மலையாளிகள் முதிரை என்பர். இந்தி பேசுவோர் குல்தீ என்பர். நம் தென்பாண்டிச் சீமையில் காணம் என்ற பழம்பெயர் இன்றும் வழங்குகிறது. மழை குறைந்த செம்மண்ணில், பிற பயிர் வாடும் இடத்தில் இது விளையும். கௌதள்ளியைச் சுற்றிய மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற பயிர். நூற்றுக்கு 22 பங்கு அளவில் புரதம் உடையது. ஆனால் பச்சைக் கொள்ளில் புரதச் செரிப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. ஊறவைத்து வேகவைத்தால் அவற்றின் ஆற்றல் பெரிதும் குறையும். வடநாட்டு இலாயங்களில் கடலையை ஊறவைத்து இட்டனர். சென்னைப் பக்கத்திலோ கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, பிசைந்து, அளவாக இட்டனர். ஆய்வுக்கூடம் பிற்காலத்தில் கண்ட உண்மையை அந்த அடுப்பும் பானையும் முன்னரே நடைமுறையாக்கி வைத்திருந்தன. பாட்டனாரின் குதிரையைக் கொன்றதும் இதே கொள்ளுதான். ஊறாமல், வேகாமல், அளவில்லாமல் சென்றதே வேறுபாடு.

போர்க்குதிரையின் காலம் தேய, பந்தயக் குதிரையின் காலம் வளர்ந்தது. சென்னைக் கிண்டியில் 1777-ல் பந்தயம் தொடங்கியது. உதகையில் 1886-லும் மைசூரில் 1891-லும் பந்தய வரலாறு தொடங்கியது. ஒசூரில் 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குதிரைகளுக்காக ஒரு பண்ணை அமைத்தது. அது பின்னாளில் கால்நடைப் பண்ணையாயிற்று. அரபுக் குதிரைகளோடு ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேலர்' குதிரைகளும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கின. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் வேப்பேரியில் தொடங்கி, 1936-ல் பல்கலைக் கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கலாயிற்று. காயல் துறைக்கு வராமல் தடுக்கப்பட்ட குதிரை மருத்துவன், ஆறு நூற்றாண்டுகள் கழித்து நம் ஊரிலேயே பயின்று வெளிவந்தான்.

ஆனால் பந்தயக் குதிரைக்கு ஒரு புதிய துன்பம் வந்தது. அது மேய்ச்சல் நிலத்தை விட்டு அறைக்குள் நாளில் பெரும்பகுதி அடைபட்டது. விரைவுக்கான வலிமை வேண்டித் தானியம் மிகுந்தது. வயிறு கனக்கும் என்று அஞ்சிப் புல் குறைந்தது. பயிற்சிக்கு முன் வெறும் வயிற்றோடு ஓட்டுவதும் வழக்கமாயிற்று. இதன் பயன் என்ன? குதிரையின் இரைப்பைக்குள் நீண்ட குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் வசதி வந்தபின் பல நாடுகளில் ஆராய்ந்தனர். பயிற்சியில் உள்ள பந்தயக் குதிரைகளில் பத்துக்கு எட்டு அல்லது அதற்கும் மேற்பட்டவற்றின் இரைப்பையில் புண் இருந்தது. வெளிக்குறியோ மிகச் சிறிது: தொட்டியில் பாதி உணவை விட்டுவிடும், வாரை இறுக்கினால் பல்லைக் கடிக்கும், மயிர் பளபளப்பு இழக்கும், ஓட்டத்தில் கடைசிக் கட்டத்தில் பின்வாங்கும். சோம்பல் என்றும் முரட்டுத்தனம் என்றும் எத்தனை குதிரைகள் சாட்டையடி பட்டனவோ!

இரைப்பையின் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்போர்வை இல்லை. குதிரை பாய்ந்து ஓடும்போது வயிற்றுத் தசைகள் இரைப்பையை நெருக்க, கீழே கிடக்கும் அமிலம் மேலெழுந்து அந்த இடத்தைச் சுடுகிறது. ஓடும் பொறியின்மேல் குதிரைகளை ஓட்டிச் செய்த ஆய்வொன்று 2002-ல் இதனைத் தெளிவாகக் காட்டியது. அமிலச் சுரப்பை அடக்கும் ஒமெப்ரசோல் என்ற மருந்து குதிரைகளுக்கென அமெரிக்காவில் 1999-ல் ஒப்புதல் பெற்றது. அது புண்ணை ஆற்றும். உணவு முறை மாறாவிட்டால் புண் திரும்பி வரும்.

ஆகவே அறிவியல் சுற்றிச் சுற்றி இலாயத்து அறிவிடமே வந்து சேர்ந்தது. 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரைக் கிலோவுக்குக் குறையாமல் உலர்ந்த புல்லாவது வேண்டும். தானியத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பல வேளைகளாகப் பிரித்து இட வேண்டும். ஓட்டத்துக்கு முன் சிறிதளவு புல்லைத் தின்னவிட்டால் அது இரைப்பையில் மெத்தை போல மிதந்து அமிலம் சிதறாமல் காக்கும். தூய நீர் எந்நேரமும் இருக்க வேண்டும். வெயில் நாட்டில் உழைக்கும் குதிரை 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும். புதிய உணவைப் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். உருள்வதும், விலாவைப் பார்ப்பதும், சாணம் நிற்பதும் கண்டால் தொட்டியை அகற்றிவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கைமருந்தில் கழியும் ஒவ்வொரு மணியும் குதிரையின் உயிரிலிருந்து கழிவதாகும்.

நேயர்களே! மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் தில்லியில் வாழும் நான், தீன்மூர்த்திச் சந்திப்பைக் கடந்து செல்லும் நாட்கள் பல. அங்கே 1922-ல் நிறுவிய மூன்று வெண்கல வீரர் உருவங்கள் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் சமஸ்தானங்களின் குதிரைப்படைகளைக் குறிக்கின்றன. 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஜோத்பூர் வீரரும் மைசூர் வீரரும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியோடு குதிரையில் பாய்ந்து ஹைஃபா நகரைக் கைப்பற்றினர். சினாய், பாலஸ்தீனப் போர்முனைகளில் தண்ணீர்ப் பஞ்சமும் தீவனத்தில் கலந்த மணலும் குதிரைகளுக்குப் பகைவனைப் போன்றே கொடியவை. அந்தப் பாலையைக் கடந்து வந்த குதிரை அன்று பாய்ந்தது என்றால், அதற்கு முந்தைய இரவுகளில் யாரோ ஒருவன் அதன் தீவனத்து மணலை உதறியிருக்கிறான். தான் குடிக்கும் முன் அதற்கு நீர் காட்டியிருக்கிறான். வெண்கலத்தில் அவனுக்கு உருவமில்லை.

அலுவலகத்தில் ஒரு முறை கால்நடை நூலொன்றை மொழிபெயர்க்கும்பொழுது, குதிரையின் வயிற்று நோயைக் குறிக்கும் சொல்லுக்குத் தமிழ் தேடினேன். அகராதிகள் சில தந்தன. முடிவில், பாட்டனார் சொன்ன 'சூலை' என்ற சொல்லையே எழுதினேன். திருநாவுக்கரசரை வருத்திய நோயின் பெயரும் அதுவே. வாய் திறந்து முறையிட இயலாத ஒரு பிராணிக்கு அந்தப் பெயரை ஈந்தவர்கள் அதன் வலியைத் தம் வலியாக எண்ணியிருக்க வேண்டும்.

கௌதள்ளியில் இன்று ஜட்கா வண்டி இல்லை. மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பேருந்துகள் அந்தச் சாலையில் ஓடுகின்றன. பாட்டனார் வீட்டில் கொள்ளு வேகவைத்த பெரிய மண்பானை மட்டும் நெடுநாள் இருந்தது. குதிரை இறந்த பிறகு அதில் எங்கள் வீட்டுக்கான கொள்ளு வெந்தது. வடித்த நீர் ரசமாயிற்று. தில்லியின் குளிர்காலத்தில் என் வீட்டு அடுப்பில் கொள்ளு ரசம் கொதிக்கும் மணம் எழும்போதெல்லாம், பாட்டி இரவில் எழுந்து கொள்ளறையின் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்த ஓசை என் காதில் விழுகிறது. அந்த வீட்டில் குதிரை போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அவர் அதை நிறுத்தவில்லை.